சீழைப் பார்த்த பிறகே மாத்திரை: நாய், பூனை வளர்க்கத் தொடங்குவோருக்கு

எங்கள் வீட்டு நாய் செவலைக்கு வயிற்றில் முதல் கொப்புளம் வந்தபோது அதற்கு 2 வயது. கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டைச் சாலையோரம் குட்டியாக நடுங்கிக்கொண்டு நின்றதைத் தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய். அரிசி அளவில் சீழ்க் கொப்புளங்கள்; அவை உடைந்த இடத்தில் ஓரம் உரிந்த வட்டங்கள். மருந்துக்கடையில் சொன்னேன், 5 நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். 3ஆம் நாளே ஆறியது போலிருந்ததால் நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. "சென்ற முறை கொடுத்ததையே கொடுத்துவிடட்டுமா, அண்ணா?" என்று கடையிலிருந்த தம்பி கேட்டார். சரி என்றேன். இப்படியே 8 மாதத்தில் 4 வகை மாத்திரையும் ஓர் ஊசியும் ஆயின. அந்தச் சீழில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் பஞ்சுக்குச்சியில் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த அறிக்கையில் 11 மருந்துகளின் பெயர் இருந்தது. 9 மருந்துக்கு நேரே, அந்தக் கிருமி அதற்கு அடங்காது என்று எழுதியிருந்தது. அவற்றில் நான் வாங்கிக் கொடுத்த நான்கும் அடக்கம்.

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ஓசூரிலும் புதிதாக நாயோ பூனையோ வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு அந்த 8 மாதம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். "நாயின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று பலரும் சொல்வார்கள். பழகுவது உடம்பு அன்று, கிருமி. நாயின் தோலிலும் மூக்கிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா இயல்பாகவே குடியிருக்கிறது. இப்பெயர் அதற்கு 2005இல்தான் வைக்கப்பட்டது. அதற்கு முன் வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது. தோல் நலமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, ஓயாத ஈரம் என்று தோல் கெட்டால் சீழ் வைக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஆன்டிபயாடிக்கை ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் தோலிலும் மூக்கிலும் குடலிலும் அடங்கக்கூடிய பாக்டீரியாக்கள் சாகின்றன, அடங்காதவை மிஞ்சிப் பெருகுகின்றன. மெக்-ஏ என்ற மரபணு ஒன்று கிடைத்துவிட்டால் போதும்: பென்சிலின் வகை மருந்துகள் போய்ப் பற்றவேண்டிய புரதத்துக்குப் பதிலாக அவற்றுக்குப் பிடிகொடுக்காத இன்னொரு புரதத்தை அந்தக் கிருமி செய்துகொள்ளும். பிறகு அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது, செஃபலெக்சின் எல்லாமே வீண். பூனைக்கும் நாய்க்கும் கொடுக்கும் இந்த மருந்துகள் நமக்குக் கொடுப்பவையே. ஆகவே அந்தக் கிருமி வீட்டில் உருவானால் அது நாயின் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் மனிதர்கள் இறந்தார்கள் என்று 2022இல் வெளியான கணக்கு சொல்கிறது.

முதல் வேலை: வீட்டு அலமாரி

நாய்க்குட்டி வரும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பாதி தின்ற மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துப் பரப்புங்கள். அட்டையின் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கொடுக்கவும் கூடாத மருந்து. அவற்றில் மீதம் இருப்பதை நாய்க்கு என்று எடுத்து வைக்காதீர்கள். கழிவறையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள்; நம் சாக்கடை கடைசியில் ஏரிக்கோ தென்பெண்ணைக்கோதான் போய்ச் சேர்கிறது, அங்கேயும் பாக்டீரியாக்கள் மருந்தைப் பழகிக்கொள்ளும். மாத்திரைகளைப் பொடித்து, பிழிந்த தேயிலைச் சக்கையோடு கலந்து, உறையில் கட்டி, தனியாகப் பிரித்த குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

அலமாரியைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். அது பூனையைக் கொன்றுவிடும். சைலிட்டால் என்ற இனிப்புச் சேர்ந்த குழந்தைகளுக்கான சிரப் நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் என்றால் குழந்தைக்குக் கொடுத்ததையே கொடுக்கும் பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிராணியின் எடை, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பலன் என்ன என்று எழுதி வாருங்கள். செவலைக்கு என்னென்ன கொடுத்தேன் என்று அந்த மருத்துவர் கேட்டபோது எனக்கு இரண்டு பெயர்தான் நினைவிருந்தது. "வெள்ளை மாத்திரை, நீட்டமாக இருக்கும்" என்றேன். அதை வைத்து அவர் என்ன செய்ய முடியும்?

எதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், எதற்கு வேண்டாம்

புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

திடீர் வயிற்றுப்போக்கு வந்த வளர்ந்த நாய் துள்ளலோடு இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே சில நாளில் சரியாகிவிடும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வெறும் வயிற்றுப்போக்குக்கு அது தேவைப்படுவதில்லை. ஆனால் தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்து, சோர்ந்து படுத்தால் காத்திருக்காதீர்கள். அது பார்வோவாக இருக்கலாம். பார்வோ ஒரு வைரஸ்; ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. மருத்துவர் அதைக் கொடுப்பது, கிழிந்த குடல் வழியாக ரத்தத்தில் புகும் பாக்டீரியாவைத் தடுக்க. உயிரைக் காப்பது முக்கியமாகச் சலைன்தான். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை தடுப்பூசி போட்டுவிட்டால் அந்த நிலையே வராமல் தடுக்கலாம்.

பூனை தும்முகிறது, கண்ணில் நீர் வடிகிறது: பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ். சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருந்தால் 10 நாள்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பதே நிபுணர்களின் வழிமுறை. சாப்பாட்டை நிறுத்தினாலோ சளி மஞ்சளாகிக் காய்ச்சல் வந்தாலோ பொறுக்கக்கூடாது.

பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய் முக்குகிறது. இளம் பூனைகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்டீரியாவே அன்று. மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சி. அதிலும் கடுவன் பூனை முக்கியும் ஒரு சொட்டு வராமல் கத்தினால், சிறுநீர்ப்பாதை அடைத்துவிட்டது என்று பொருள். அது இரவு 11 மணியானாலும் கிளம்பவேண்டிய அவசரம். மாத்திரை தேடி நேரத்தைக் கழித்தால் பூனை பிழைக்காது.

சண்டையில் கடிபட்டு வீங்கிய கட்டிக்கு முதல் மருந்து, அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவது. சீழ் உள்ளேயே இருக்க, மேலே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த மருந்து கட்டியின் நடுவே போய்ச் சேராது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோத்தாலும் அப்படியே. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாத்திரை கேட்காதீர்கள்.

காது நாறுகிறது, தலையை ஆட்டுகிறது: உண்ணியாகவோ காதுப் பூச்சியாகவோ மலசீசியா என்ற பூஞ்சையாகவோ இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். எட்ட நின்று முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இத்தனை சொன்னதால் ஆன்டிபயாடிக்கே கெட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். நம் பகுதியில் உண்ணிக்குக் குறைவில்லை. எர்லிக்கியா என்ற உண்ணிக்காய்ச்சல் வந்து, நாய் சாப்பிடாமல், மூக்கில் ரத்தம் வடிந்து, ரத்தத்தட்டுகள் குறைந்து படுத்துவிட்டால் டாக்ஸிசைக்ளின்தான் அதைக் காப்பாற்றும். வழக்கமாக 28 நாள். அந்த மருந்து அன்றைக்கு வேலை செய்யவேண்டும் என்பதற்காகத்தான், தேவையில்லாத நாளில் அதைத் தொடவேண்டாம் என்கிறேன்.

மருத்துவரிடம்: கண்ணாடித் தகடு

நீங்கள் தயங்காமல் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு ஸ்லைடு எடுத்துப் பார்க்கலாமா?" கொப்புளத்தையோ காது அழுக்கையோ கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 10, 15 நிமிட வேலை. உருண்டை பாக்டீரியாவா, கம்பி வடிவ பாக்டீரியாவா, பூஞ்சையா, சீழ் அணுக்கள் கிருமியை விழுங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று அதிலேயே தெரியும். பூஞ்சை என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் பேச்சே முடிந்தது.

கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று நானும் பயந்தேன். கேட்ட இடங்களில் ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. "ஊசி போடாமல் அனுப்பினால் வருகிறவர்கள் வருத்தப்படுகிறார்கள், அதனால்தான்" என்று ஒருவர் மனம்விட்டுச் சொன்னார். ஊசியை எதிர்பார்த்துப் போகும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

மேலோட்டமான தோல் சீழ் என்றால், இன்னொரு கேள்வி: "ஷாம்பூவால் மட்டும் முயன்று பார்க்கலாமா?" 2 முதல் 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் உள்ள ஷாம்பூவை வாரம் 2 அல்லது 3 முறை போட்டு, நுரை 10 நிமிடம் தோலில் நின்றபின் கழுவுவது. மேலோட்டமான சீழுக்கு இதுவே முதல் சிகிச்சை என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமியும் இதற்குப் பெரும்பாலும் அடங்கும் என்பது இதன் பெரிய பலம். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் நிற்கவேண்டும். 2 நிமிடத்தில் நீரை ஊற்றிவிட்டால் பலன் இல்லை. கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது.

கல்ச்சர் பரிசோதனை

கொடுத்த மருந்து கேட்கவில்லை, போன நோய் திரும்பி வந்தது, ஸ்லைடில் கம்பி வடிவ பாக்டீரியா தெரிகிறது, கடந்த சில மாதங்களில் பல ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் கல்ச்சர் எடுத்துவிடுங்கள். சீழிலோ சிறுநீரிலோ உள்ள பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது இது. வளரவும் சோதிக்கவும் நேரம் வேண்டும் என்பதால் முடிவு வர 2 முதல் 4 நாள் ஆகும்.

நம் மாவட்டங்களில் சிக்கல், மாதிரியைக் கொண்டு சேர்ப்பதில்தான். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். எங்கே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். ஓசூர், சூளகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில். தர்மபுரி, அரூர்ப் பக்கத்தவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வசதி. எங்கே அனுப்பினாலும், பஞ்சுக்குச்சி அதற்கென உள்ள கூழ் நிரம்பிய குழாயில்தான் போகவேண்டும். வெறும் பஞ்சு வழியிலேயே காய்ந்துவிடும். சிறுநீரை மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியால் நேராக எடுப்பதுதான் சுத்தமான முறை. தரையிலிருந்து உறிஞ்சிய சிறுநீரில் தரையின் கிருமிதான் வளரும். எடுத்த சிறுநீரைக் குளிர்ச்சியில் வைத்து அன்றைக்கே சேருங்கள். சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் பயணித்த மாதிரியில் கிருமிகள் தாறுமாறாகப் பெருகி, முடிவே பொய்யாகிவிடும்.

அறிக்கை வந்ததும் மருத்துவரிடமே கொடுங்கள், ஆனால் நீங்களும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் இடைநிலை. மருந்துப் பெயருக்கு நேரே, அந்த மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அகலம் மில்லிமீட்டர் எண்ணாக இருக்கும். பெரிய எண் உள்ள மருந்தே சிறந்தது என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. நாயின் தோல் சீழ் என்றால் ஆக்சசிலின் என்ற பெயரைத் தேடுங்கள். அதற்கு ஆர் என்றால் பென்சிலின், செஃபலெக்சின் குடும்பம் முழுவதும் பயன்படாது. மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், இது நாயின் மாதிரி என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மனிதக் கிருமியைச் சோதிக்க அவர்கள் வைக்கும் செஃபாக்சிட்டின் என்ற மருந்து வில்லை, நாயின் கிருமியில் இந்த எதிர்ப்பைத் தவறவிட்டுவிடக்கூடும். ஆக்சசிலினை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

பட்டியலில் வான்கோமைசின், லினசோலிட், மெரோபெனம் போன்ற பெயர்களுக்கு நேரே எஸ் என்று இருந்தால் அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மனிதர்களுக்குக் கடைசியாக மிஞ்சியிருக்கும் மருந்துகள் அவை.

மாத்திரை கொடுக்கும் நாட்களில்

எடையை அன்றைக்கே எடுத்துச் சொல்லுங்கள். உத்தேச எடைக்குக் கொடுத்த குறைந்த அளவு, கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் போன்றவற்றில் அதிக அளவும் ஆபத்து: பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் கண்பார்வை போகக்கூடும்.

மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. என்ரோஃபிளாக்சசினும் டாக்ஸிசைக்ளின் வகையும் பாலின் கால்சியத்தோடு பிணைந்துகொண்டு உடலில் சேராமல் வெளியேறும். கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. செவலைக்குத் தினமும் களிதான் உணவு. அந்த நாட்களில் மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைக்காமல் கொஞ்சம் வேகவைத்த கோழிக்கறிக்குள் வைத்துக் கொடுத்து, களியை 2 மணி நேரம் கழித்தே வைத்தேன். பூனைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை உலர்வாக விழுங்க வைக்காதீர்கள். அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். பின்னாலேயே சிறு ஊசிக்குழலில் கொஞ்சம் தண்ணீரோ, ஒரு வாய் உணவோ கொடுங்கள்.

எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. நாயின் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும். தோலின் மேலோட்டமான சீழுக்கு மாத்திரை தேவைப்பட்டால் 2 வாரம், பிறகு மறுபரிசோதனை. நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். ஆறியது போலிருந்தால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்; நிறுத்தச் சொல்வதும் அவராகவே இருக்கட்டும்.

வீட்டில் மற்றவர்கள்

அறிக்கை வந்த அன்று என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதை இனி வீட்டில் வைத்திருக்கலாமா?" வைத்திருக்கலாம். செவலையை எங்கேயும் கொண்டுபோய் விடவேண்டியதில்லை. இந்தக் கிருமி நலமான மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவது அரிது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்லப்படும், மருந்துக்கு அடங்காத இன்னொரு ஸ்டஃபைலோகாக்கஸ் வகையோ, பல நேரங்களில் மனிதர்களிடமிருந்துதான் நாய்க்கும் பூனைக்கும் போகிறது.

கவனம் வேண்டியவர்கள்: பச்சிளங்குழந்தை, புற்றுநோய் மருந்து எடுப்பவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆனவர், காலில் ஆறாத புண்ணுள்ள நீரிழிவு நோயாளி. என் அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. அதனால் சீழ் ஆறும்வரை அவர் செவலையின் புண்ணைத் தொடவில்லை. அவர் காலை நக்க விடவில்லை. மருந்து போட்டபின் நான் சோப்பால் 20 விநாடி கை கழுவினேன். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் காயப்போட்டோம். வீட்டில் யாருக்காவது புண் வந்தால், நாய்க்கு இந்தக் கிருமி இருந்தது என்று அவருடைய மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவமனைக்குப் போகுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் உங்களைக் கடைசியாக அழைத்து, மேசையைச் சுத்தம் செய்துகொள்வார்கள்.

தரைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதோடு கழிவறை அமிலத்தைக் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் வேண்டாம். அதிலுள்ள பீனால் பூனைக்கு நஞ்சு, காலில் பட்டதை அது நக்கிவிடும்.

நோய் இல்லாமல் கிருமியை மட்டும் சுமக்கும் நாய்க்கு மருந்து கொடுக்கவேண்டியதில்லை. அது தானாகவே குறையக்கூடும்.

குட்டி வாங்கும்போதும், தீனியிலும்

அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடைகளில் வாங்கிய நாய்க்குட்டிகளிடமிருந்து பல மருந்துகளுக்கு அடங்காத கேம்பிலோபாக்டர் பாக்டீரியா பரவி 100க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரித்தபோது, அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவை. பாதிக்கும் மேலானவற்றுக்கு நோய் எதுவும் இல்லாமலே, வராமல் இருக்கட்டும் என்று கொடுத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து குட்டி வாங்கினாலும் பக்கத்து ஊரில் வாங்கினாலும், "இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பச்சைக் கோழிக்கழிவு போடாதீர்கள். பச்சை இறைச்சி தின்னும் நாய்களின் மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அதிகம் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேகவைத்துப் போடுங்கள்.

செவலைக்கு அந்த அறிக்கைக்குப் பிறகு மாத்திரையே கொடுக்கவில்லை. வாரம் மூன்று முறை ஷாம்பூ, தெள்ளுப்பூச்சிக்கு மாதம் ஒரு மருந்து. ஐந்து வாரத்தில் வயிறு சுத்தமானது. அதன் சீழுக்கு வேர் தெள்ளுப்பூச்சிதான் என்பது அப்போதுதான் தெரிந்தது; எட்டு மாதமும் அதை யாரும் பார்க்கவில்லை. சென்ற ஆடியில் தொடையோரம் மறுபடி இரண்டு வட்டம் தெரிந்தது. அன்றே ஸ்லைடு எடுத்தோம், 12 நாள் ஷாம்பூ போட்டோம், மறைந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் மருந்து என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது.